சுலோஜனாவின் சென்றி

சுலோஜனாக்கா மியூசியத்தில் செய்ததைப் பற்றி ஜெர்மனியில் எசன் நகரத்துத் தமிழ்ச் சனம் வாய்க்கு வந்தபடி கதைக்கிறது. படத்தைக் கிழித்துவிட்டாராம். மியூசிய டைரக்டரைப் பிடித்துத் தள்ளிவிட்டாராம். தமிழ்க் கடையில் முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டு நின்ற ஒருத்தி, "வயசு போகப் போக மண்டை பிசகுறதுதானே" என்று என் முகத்துக்கு நேரே சொன்னாள். அந்த முருங்கைக்காயைப் பறித்து அவள் தலையிலேயே போட வேண்டும் போல இருந்தது. சுலோஜனாக்கா ஒரு படத்தையும் தொடவில்லை, ஒருவரையும் தள்ளவில்லை. எனக்குத் தெரியும், நான் அங்கே நின்றேன். கையில் வைன் கிளாசோடு, வாயைத் திறக்காமல் நின்றேன். அந்தக் கோபம் என் மேலேயே இருக்கிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அவருக்கு அறுபத்திரண்டு வயது. ஜெர்மனிக்கு அகதியாக வந்து முப்பத்து மூன்று வருடம். முதல் பத்து வருடம் ஆஸ்பத்திரியில் நிலம் கழுவினார். அடுத்த பன்னிரண்டு வருடம் ஒரு பள்ளிக்கூடச் சமையலறையில் அண்டா தூக்கினார். முதுகு போன பிறகு, ஐம்பத்து நாலாவது வயதில், காவல் கொம்பனி ஒன்றின் வகுப்புக்குப் போய் டொச்சில், அதாவது ஜெர்மன் மொழியில், சோதனை எழுதிப் பாஸ் பண்ணினார். நான் அரசாங்கக் கந்தோர்களில் மொழிபெயர்ப்பு வேலை செய்கிறவள். எத்தனையோ பேரின் படிவங்களை நிரப்பிக் கொடுத்திருக்கிறேன். இவர் தன்னுடையதைத் தானே நிரப்பினார். எழுத்துப்பிழை ஒன்றிரண்டு இருந்ததாகச் சொல்லிச் சொல்லிக் கவலைப்பட்டார்.

அந்தக் கொம்பனி அவரை எசனுக்குப் பக்கத்து ஊர் ஒன்றின் மியூசியத்தில் காவலுக்குப் போட்டது. மியூசியத்தின் பெயர் வேண்டாம். பெயரைப் போட்டால் எனக்கு வக்கீல் கடிதம் வரும். கடும் நீல ஜாக்கெட், இடுப்பில் வோக்கி டோக்கி, மார்பில் 'ஃபிறவ் சோதிலிங்கம்', அதாவது திருமதி சோதிலிங்கம், என்று அட்டை. இந்த நாட்டுக்கு வந்த நாள் தொடக்கம் அவரைப் புருசனின் பெயரால்தான் கூப்பிடுகிறார்கள். அந்தப் புருசன், எங்கள் சோதியண்ணை, பேக்கரியில் மாக் குழைத்துப் பென்சனில் இளைப்பாறியவர். பகிடிக்காரர். மனுசி ஜாக்கெட்டைப் போடும்போது ஒவ்வொரு நாளும் ஒரே பகிடிதான்.

"என்ன, சென்றிக்கு வெளிக்கிட்டாச்சோ?"

சென்றி என்றால் எங்கள் ஊரில் ஆமிக்காரன் துவக்கோடு நிற்கிற காவலரண். அந்தச் சொல்லைக் கேட்டு வளர்ந்தவர்கள் எல்லோருக்கும் அதைக் கேட்டால் தோள் கொஞ்சம் சுருங்கும். ஆனாலும் எட்டு வருடமாக அந்தப் பகிடிக்கு அவர் சிரித்தார். நானும் சிரித்தேன்.

வேலை லேசானது என்று யாரும் நினைக்க வேண்டாம். படங்களுக்கு முன்னால் நிலத்தில் சாம்பல் நிற நாடாக் கோடு ஒன்று ஒட்டியிருக்கும். அதைத் தாண்டினால் சுவரில் இருக்கிற கருவி கீ கீ என்று கத்தும். உடனே அவர் போய், "பிற்ற அப்ஷ்டான்ட் ஹால்ட்டன்" என்று சொல்ல வேண்டும். தயவுசெய்து தள்ளி நில்லுங்கள். ஒரு நாளைக்கு இருநூறு தரம். குந்தியிருக்கக் கூடாது. பார்வையாளர்களோடு கதைக்கக் கூடாது. ஒருநாள் முழங்கால் நோவுக்கு வாங்கிலில் ஐந்து நிமிடம் குந்தியிருந்ததற்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. இன்னொரு கடிதம் வந்தால் வேலை போய்விடும். பென்சனுக்கு இன்னும் நாலு வருடம் கிடந்தது. அறுபத்திரண்டு வயதில், பிழைபட்ட முதுகோடு, வேறு எவன் வேலை கொடுப்பான்?

இனி அவருடைய காணியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதைச் சொல்லாமல் மற்றது விளங்காது.

யாழ்ப்பாணத்தில், வலிகாமம் வடக்கில், கடலுக்குக் கிட்ட, ஏழு பரப்பு நிலம். தகப்பன் சீதனமாக எழுதிக் கொடுத்தது. தொண்ணூறாம் ஆண்டு குண்டு விழ ஓடினார்கள். அதற்குப் பிறகு அது உயர் பாதுகாப்பு வலயம், அதாவது ஆமி முகாம். சுற்றிவர எத்தனையோ காணிகளை விட்டுவிட்டார்கள். இவருடையதை இன்னும் விடவில்லை. உறுதி, அதாவது காணிப் பத்திரம், கையில் இருக்கிறது. பிளாஸ்டிக் உறையில் போட்டு, பாஸ்போர்ட்டோடு சேர்த்து வைத்திருக்கிறார். அதை எனக்கு வாசித்துக் காட்டியிருக்கிறார். 'பூவரசந்தாழ்வு எனும் பெயருடைய காணி, பரப்பு ஏழு, இதற்குள் வீடும் பயன்தரு மரங்களும், பங்குக் கிணற்றில் அரைப் பங்கும், அதற்குப் போய்வர வழியும் வாய்க்காலும்.' கீழே தகப்பனின் கையெழுத்து, நொத்தாரிசின் முத்திரை, இரண்டு சாட்சிகள்.

எட்டு வருடத்துக்கு முன்பு இரண்டு பேரும் போய்ப் பார்த்தார்கள். முட்கம்பி வேலி. உள்ளே, அவருடைய காணியில், ஆமி பப்பாசித் தோட்டம் செய்திருந்தது. கிணறு வேலியிலிருந்து இருபது அடி. கம்பியைப் பிடித்து எட்டிப் பார்க்கப் போனபோது சென்றியில் நின்ற பெடியன் உடைந்த தமிழில், "அம்மா, தொட வேண்டாம், தள்ளி நில்லுங்க" என்றானாம். அதற்குப் பிறகு என்ன நடந்தது என்பதை அவர் எல்லாக் கொண்டாட்டங்களிலும் சொல்லுவார். "குடுத்தன் பார் அவனுக்கு! இது ஆரின்ரை காணி தெரியுமோடா? உன்ரை கொப்பன்ரையோ? எண்டு கேட்டன். உறுதியை எடுத்து மூஞ்சிக்கு முன்னாலை பிடிச்சன். பெடியன் தலையைக் குனிஞ்சிட்டான்." எல்லோரும் கை தட்டுவோம். அந்த நேரத்தில் சோதியண்ணை எழும்பித் தேத்தண்ணி போடப் போய்விடுவார். ஒவ்வொரு முறையும் போவார். நான் அதைக் கவனித்தேன், ஆனால் யோசிக்கவில்லை.

போன வருடம் அந்த மியூசியத்தில் அவுஸ்திரேலியப் பாலைவனத்து ஆதிக்குடிகளின் ஓவியங்கள் வந்தன. நாலு மாதக் கண்காட்சி. நடு மண்டபத்தில் பெரியதொரு படம், ஒரு அறையின் நிலம் அளவு. சிவப்பு மண் நிறத்தில் ஆயிரக்கணக்கான புள்ளிகள், வட்டத்துக்குள் வட்டங்கள், வட்டங்களை இணைக்கிற கோடுகள். அந்த மண்டபம் சுலோஜனாக்காவுக்கு.

நான் முதல் தரம் போனபோது, "புள்ளிக்கோலம் மாதிரி இருக்கு, என்னக்கா?" என்றேன். அவர் என்னை முறைத்தார்.

"நீருமோ? கிழமைக்குப் பத்துத் தமிழ் ஆக்கள் வருகினம், பத்துப் பேரும் இதைத்தான் சொல்லுகினம். நேற்று கமலநாயகி ரீச்சர் தன்ரை சங்கத்தைக் கூட்டிக்கொண்டு வந்தவ. அவுஸ்திரேலியாவிலையும் ஆதியிலை எங்கடை தமிழர்தான் இருந்ததாம், கோலம்தான் சாட்சியாம். செல்ஃபி வேறை. நான் கேட்டன், ரீச்சர், அவையின்ரை காணியையும் நாங்கள் பிடிக்கப் போறமோ எண்டு. கோவிச்சுக்கொண்டு போட்டா."

வெள்ளைக்காரர் மட்டும் என்ன திறமா? ஒருத்தி தன் சோபாவுக்கு இந்த நிறம் பொருந்தும் என்றாளாம். இன்னொருத்தன் தன் குளியலறை ஓடு இதே டிசைன் என்றானாம். வழிகாட்டி, வருகிற கூட்டத்துக்கெல்லாம் கனவுக்காலம், காலம் கடந்த ஆன்மீகம் என்று ஒப்புவிப்பாளாம். இதையெல்லாம் வாய் திறக்காமல் கேட்டுக்கொண்டு எட்டு மணித்தியாலம் நிற்க வேண்டும். ஆனால் சுவரில் ஒட்டியிருந்த சின்ன எழுத்தை ஒருவரும் வாசிக்கவில்லை. சுலோஜனாக்கா வாசித்தார். நாலு மாதம் நின்றால் மனப்பாடமே ஆகிவிடும்.

"இஞ்சை பாரும் றீற்றா. இந்த வட்டம் தண்ணி. மழை இல்லாத காலத்திலையும் வத்தாத தண்ணி. அதுக்குப் பேர் இருக்கு. இந்தக் கோடு தண்ணிக்குப் போற வழி. இந்த வளைவுகள் பக்கத்திலை குந்தியிருக்கிற பொம்பிளையள். இதை வரைஞ்சு கீறினவவுக்கு இந்த இடம் தகப்பன் வழியாலை வந்தது. வேறை ஆரும் இதைக் கீற ஏலாது. கீறினால் களவு. கீறேக்கை தாய்வழி ஆள் ஒருத்தி பக்கத்திலை இருந்து சரி பிழை பாக்க வேணும்." விரலால் ஒவ்வொன்றாகக் காட்டினார், கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்றபடி. "பேர் இருக்கு. எல்லை இருக்கு. தண்ணியிலை பங்கும் வழியும் இருக்கு. ஆர் குடுத்தது எண்டு இருக்கு. சாட்சியும் இருக்கு. இது என்ன, சொல்லும்?"

நான் படத்தைத் திரும்பவும் மேலிருந்து கீழே பார்த்தேன்.

"உறுதியடி. இது காணி உறுதி."

இன்னொரு விசயமும் அந்தச் சின்ன எழுத்தில் இருந்தது. அந்தச் சனம் தங்கள் நிலத்தைத் திருப்பிக் கேட்டு வழக்குப் போட்டபோது, நீதிமன்றத்தில் கடதாசி கேட்டிருக்கிறார்கள். கடதாசி ஏது? இந்தப் படத்தைக் கீறி நிலத்தில் விரித்து, அதன் மேல் நின்று, இது என் தண்ணி, அது உன் தண்ணி என்று ஒவ்வொருவராகச் சாட்சி சொல்லியிருக்கிறார்கள். வழக்கு வென்றது. நிலம் அவர்களுக்குக் கிடைத்தது. அதற்குப் பிறகு இந்தப் படம் கை மாறிக் கை மாறி ஜெர்மன் பணக்காரர் ஒருவரிடம் வந்து சேர்ந்தது. அவர்தான் மியூசியத்துக்கு இரவல் கொடுத்திருந்தார்.

எனக்கு இதை நினைக்க நினைக்கக் கொதி வருகிறது. படத்தைக் கீறியவளுக்கு நிலம் அங்கே, உறுதி இங்கே சுவரில். சுலோஜனாக்காவுக்கு உறுதி இங்கே அலுமாரியில், நிலம் அங்கே முகாமில். இரண்டுக்கும் முன்னால் ஒரு கோடு, ஒரு காவல்.

கண்காட்சியின் கடைசி நாள் மாலை, படத்தைக் கீறிய அம்மாவையே கூப்பிட்டிருந்தார்கள். லோரெய்ன் என்று பெயர். எழுபது வயது மதிக்கலாம். பூப்போட்ட சட்டை, கம்பளித் தொப்பி, ஊதிப்போன கால். கூடவே டாப்னி என்று இன்னொரு அம்மா, மச்சாள் முறை. டாப்னிதான் அந்தத் தாய்வழி ஆள். அவர்களைக் கண்டதும் சுலோஜனாக்கா தூரத்தில் நின்று எனக்குக் கண்ணைக் காட்டி, "சாட்சியும் வந்திட்டா" என்று வாயசைத்தார். அவ்வளவு சந்தோசத்தில் நான் அவரைக் கண்டதில்லை.

அறுபது பேர் இருந்திருப்போம். வைன், சீஸ் துண்டுகள். டைரக்டர் அம்மையார் மைக்கைப் பிடித்துக் கனவுக்காலம், மர்மம், பிரபஞ்சம் என்று இருபது நிமிடம் பேசினார். நிலம் என்ற சொல் ஒரு தரம்கூட வரவில்லை. எண்ணிக்கொண்டுதான் நின்றேன். அந்த இரண்டு அம்மாக்களும் பேச்சைக் கேட்கவில்லை. படத்தைப் பார்த்தபடி தங்களுக்குள் தங்கள் பாஷையில் கதைத்துக்கொண்டிருந்தார்கள். பிறகு கையைப் பிடித்துக்கொண்டு நடந்து போய், சாம்பல் கோட்டைத் தாண்டினார்கள். லோரெய்ன் அம்மா நடு வட்டத்தின் மேல் உள்ளங்கையை வைத்தார். வைத்துக்கொண்டு ஏதோ சொன்னார், வீட்டுக்குள் வந்து 'நான் வந்திட்டன்' என்று சொல்லுகிற மாதிரி.

கீ கீ கீ என்று கருவி கத்தியது.

டைரக்டரின் பேச்சு நின்றது. படத்துக்குப் பொறுப்பான ஒருத்தன் பாய்ந்து வந்து, "காப்புறுதி, காப்புறுதி! யாரும் தொட முடியாது, இது இரவல் பொருள்!" என்றான். ஆங்கிலத்தில் அதை லோரெய்ன் அம்மாவுக்குச் சொன்னார்கள். அவர் கையை எடுக்காமல், "இது என் அப்பாவின் தண்ணி" என்றார். பொறுப்பானவன் சிரித்த முகத்தோடு, "நிச்சயமாக, ஆனால் சட்டப்படி உரிமையாளர் வேறொருவர்" என்றான். அந்தச் சிரிப்பு இன்னும் என் கண்ணுக்குள் நிற்கிறது. சுலோஜனாக்காவின் இடுப்பில் வோக்கி டோக்கி கரகரத்தது. கொம்பனியின் மேற்பார்வையாளர் வீஸ்னர் வாசலில் நின்றபடியே அதில் சொன்னார்: "ஃபிறவ் சோதிலிங்கம், அவர்களைக் கோட்டுக்கு வெளியே கொண்டு வாருங்கள்."

மண்டபம் முழுக்க அவரைத் திரும்பிப் பார்த்தது.

அவர் நடந்தார். நேரே போய்க் கோட்டைத் தாண்டி, அந்த இரண்டு அம்மாக்களுக்கும் பக்கத்தில் நின்றார். தோளில் தட்டப் போகிறார் என்றுதான் நான் நினைத்தேன். பிள்ளைகளைக் கூப்பிடுகிற மாதிரி மெதுவாகச் சொல்லி அழைத்து வரப் போகிறார் என்று நினைத்தேன். அவர் படத்துக்கு முதுகைக் காட்டித் திரும்பினார். எங்களைப் பார்த்து நின்றார். வலது கையை முன்னால் நீட்டினார்.

"பிற்ற அப்ஷ்டான்ட் ஹால்ட்டன்."

டைரக்டர் ஒரு அடி முன்னால் வைத்தார். சுலோஜனாக்கா இன்னும் உரத்துச் சொன்னார். பொறுப்பானவன் வந்தான். அவனுக்கும் சொன்னார். வீஸ்னர் சனத்தை விலக்கிக்கொண்டு வந்து, "என்ன செய்கிறீர்கள்?" என்றார். அவருக்கும் அதையே சொன்னார். கருவி கத்திக்கொண்டே இருந்தது. பின்னால் லோரெய்ன் அம்மா ஆறுதலாகத் தன் தண்ணியோடு கதைத்து முடித்தார். டாப்னி அம்மா தலையை ஆட்டிச் சரி என்றார். பிறகுதான் மூன்று பேரும் கோட்டைத் தாண்டி வெளியே வந்தார்கள். லோரெய்ன் அம்மா போகும்போது சுலோஜனாக்காவின் ஜாக்கெட் கையைப் பிடித்து ஒரு தரம் இழுத்துவிட்டுப் போனார்.

அவ்வளவுதான் நடந்தது. நான் என்ன செய்தேன்? நாலு பாஷை தெரிந்தவள். யாருக்கும் எதையும் மொழிபெயர்க்காமல் கிளாசைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அடுத்த கிழமை கொம்பனியில் ரெர்மின், நேரம் குறித்த சந்திப்பு. சுலோஜனாக்காவுக்கு டொச் தெரியும், ஆனாலும் என்னைக் கூட்டிக்கொண்டு போனார். வீஸ்னர் கெட்ட மனுசர் இல்லை. அதுதான் இன்னும் எரிச்சல். தண்ணி ஊற்றித் தந்தார், கதிரையை இழுத்துவிட்டார், பிறகு ஒரு கடதாசியை முன்னால் தள்ளினார். மியூசியம் பெருந்தன்மையாக நடந்துகொள்ள விரும்புகிறதாம். இதில் கையெழுத்துப் போட்டால் போதும், இரண்டாவது எச்சரிக்கை வராது, வேறு மண்டபத்தில் வேலை தொடரும். கடதாசியில் மூன்று வரி: 'அன்றைய சத்தத்தாலும் கூட்டத்தாலும் நான் நிலை தடுமாறிவிட்டேன். எனது நடத்தைக்கு மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். இனிமேல் இப்படி நடக்காது.'

சுலோஜனாக்கா பேனையைக் கையில் எடுத்துவிட்டார். எடுத்தபடியே இருந்தார்.

"போடுங்கோ அக்கா," என்றேன் நான், தமிழில். "ஒரு கையெழுத்துத்தானே. நாலு வருசம். கண்ணை மூடிக்கொண்டு போடுங்கோ."

"சோதியரும் காலமை இதைத்தான் சொன்னவர்." பேனையை மேசையில் வைத்தார். "றீற்றா, அந்த ஆமிப் பெடியன்ரை கதையை உமக்கு நான் எத்தினை தரம் சொல்லியிருக்கிறன்?"

"கனதரம்."

"பொய். முழுப் பொய். நான் அவனை ஒண்டும் கேக்கேல்லை. உறுதியை வெளியிலை எடுக்கவும் இல்லை, கைப்பைக்குள்ளையே கிடந்தது. அவன் தள்ளி நில்லுங்கோ எண்டான், நான் தள்ளி நிண்டன். என்ரை பிள்ளையின்ரை வயசு கூட இராது. 'சொறி தம்பி, மன்னிச்சுக்கொள்ளும்' எண்டன். என்ரை காணிக்கு வெளியிலை நிண்டு, என்ரை கிணத்தை எட்டிப் பாத்ததுக்கு, அவனிட்டை சொறி சொன்னன். சோதியருக்கு மட்டும்தான் தெரியும்."

எனக்குச் சோதியண்ணையின் தேத்தண்ணி ஞாபகம் வந்தது.

அவர் மார்பிலிருந்த அட்டையைக் கழற்றிக் கடதாசியின் மேல் வைத்தார். பிறகு எழும்பிக் குளிர் அங்கியைப் போட்டார். முதல் பொத்தான் ஏறவில்லை. நான் உதவிக்குப் போக, வேண்டாம் என்று தட்டிவிட்டு, தானே மேலிருந்து கீழே ஒவ்வொன்றாகப் பூட்டினார்.

வீஸ்னர் என்னைப் பார்த்தார். "என்ன சொல்கிறார்?"

இந்த முறை மொழிபெயர்த்தேன். "தான் ஏற்கெனவே ஒருமுறை மன்னிப்புக் கேட்டுவிட்டாராம். இன்னொரு முறை கேட்க மாட்டாராம்."

"அப்படியா? எப்போது?" என்றார் அவர். "எங்களுக்கு வரவில்லையே." என்று கோப்பைத் திறந்து தேடத் தொடங்கினார். நாங்கள் கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வந்தபோதும் பக்கம் பக்கமாகப் புரட்டிக்கொண்டுதான் இருந்தார்.